படைவீரனும் மனச்சான்றும்

விழா மலரொன்றிலே போரைப் பற்றி எழுதுதல் பொருந்துமோ எனச் சிலர் ஐயுறுதல் கூடும். கல்லூரி வளர்ந்த வரலாறு, அதிபர்களின் அருந்தொண்டு, விளையாட்டரங்கிலே ஈட்டிய வெற்றிகள் என்பனவே இத்தகைய மலர்களிற் பெரும்பாலும் இடம்பெறுவன. அவை இடம்பெற வேண்டியனவே. ஆயினும், கல்லூரி சான்றோரை ஆக்கும் இடமாயின், சான்றோன் ஒருவனுக்கு நேரக்கூடிய மிகக் கடுமையான சோதனை யாது என்பதைப் பற்றியும் ஓரிடத்திலே பேசுதல் வேண்டும். தீயது செய்யாதே என்று கற்பித்தல் எளிது. பெருந்தீமை ஒன்றைத் தடுத்தற்காகச் சிறுதீமை ஒன்றைத் தன் கையாலே செய்யவேண்டிய நிலை ஒருவனுக்கு வருமாயின், அதனை அவன் எவ்வாறு செய்வது, செய்தபின் எவ்வாறு வாழ்வது என்று கற்பித்தல் எளிதன்று. போரின் சுவட்டை ஏட்டில் மட்டும் கண்டவர்கள் அல்லேம் நாம். ஆதலின் இவ்வினா நமக்கு அயலானதுமன்று.

களத்திலே எதிர்நின்று பொருதும் வீரனை நம் பண்டை இலக்கியங்கள் நிரம்பப் பாடியுள்ளன. ஆலையையும் பாலத்தையும் கப்பலையும் வெடிவைத்துத் தகர்க்க இரவிலே சென்று இரவிலே மீளும் வீரன் வேறொரு வகையினன். அவன் அழிக்கச் செல்வது ஒரு பொருளை. அப்பொருளின் அருகே துயில்வோர் யார், அதன்மேலே பயணஞ் செய்வோர் யார் என்பதை அவன் தெரிந்தெடுத்தல் இயலாது. பகைவனும் அங்கே இருக்கலாம். தன் ஊரவனும் இருக்கலாம். பால்மணம் மாறாத குழந்தையும் இருக்கலாம். இரண்டாம் உலக மகாயுத்தத்திலே நோர்வே நாட்டவர் சிலர் தம் சொந்த நாட்டிலேயே செய்த இத்தகைய செயல்கள் இரண்டினை இங்கே எடுத்து ஆராய்வாம்.

நோர்வேயின் தென்பகுதியிலே, றியூக்கான் என்னும் ஊருக்கு அண்மையிலே, செங்குத்தான மலைச்சரிவொன்றில் வேமோர்க் என்னும் நீர்மின் நிலையம் அமைந்துள்ளது. இன்று அது நூதனசாலையாக விளங்குகின்றது. அதனோடு இணைந்த ஆலையிலே 1934 ஆம் ஆண்டு தொடக்கம் கனநீர் உற்பத்தியாயிற்று. சாதாரண நீரிலே மிகமிகச் சிறிய அளவிற் கலந்துள்ள இதனைப் பிரித்தெடுத்தற்குப் பெருந்தொகை மின்சாரம் வேண்டும். அணுவுலையிலே நியூத்திரன்களின் வேகத்தைத் தணிப்பதற்கு இது பயன்படும். 1940 ஏப்பிரலிலே ஜேர்மனியர் நோர்வேயினுட் புகுந்தபோது இவ்வாலையும் அவர்வசமாயிற்று. ஜேர்மன் விஞ்ஞானிகள் காரீயம் இதற்கு உதவாது எனத் தள்ளிவிட்டுக் கனநீரையே நம்பியிருந்தனர். ஹிட்லரின் கையிலே அணுகுண்டு அகப்பட்டுவிடுமோ என்னும் அச்சம் நேசநாட்டாரின் உறக்கத்தைக் கெடுத்தது.

1942 நவம்பர் 19 ஆம் திகதி இரவு, பிரித்தானியப் பொறியியற் படையினரை ஏற்றிய இயந்திரமில்லா விமானங்கள் இரண்டு, வேறு விமானங்களினால் இழுக்கப்பட்டு, இவ்வாலையைத் தகர்க்கப் புறப்பட்டன. இரண்டும் விழுந்து நொறுங்கின. இழுத்துச் சென்ற விமானங்களுள் ஒன்றும் மலையிலே மோதியது. விபத்திலே மாண்டோர் போக, எஞ்சியோரை ஜேர்மனியர் சிறைப்பிடித்துக் கொன்றனர். அவ்விரவு புறப்பட்டோருள் உயிரிழந்தவர் 41 பேர்.

அடுத்த முயற்சி நோர்வே இளைஞர்களிடம் ஒப்படைக்கப்பட்டது. 1943 பெப்புருவரி 27 ஆம் திகதி நள்ளிரவை அடுத்து, ஒன்பது பேர் உறைபனி படர்ந்த பள்ளத்தாக்கிலே இறங்கி, எதிர்ச்சரிவிலே ஏறி, ஆலையை அடைந்தனர். தலைவர் யோவாக்கிம் றொன்னபேர்க்கிற்கு அப்பொழுது வயது 23. உள்ளே புகுந்தவர்கள் அங்கே காவலிருந்த நோர்வே நாட்டு முதியவர் ஒருவரை மடக்கினர். வெடிமருந்து பொருத்தப்பட்டது. திரிக்குத் தீயிடும் வேளையிலே அம்முதியவர் தம் மூக்குக்கண்ணாடியைக் காணவில்லை என்றார். போர்க்காலத்திலே புதிய கண்ணாடி பெறுதல் அரிது. ஒவ்வொரு கணமும் உயிருக்கு உலைவைக்கும் அவ்வேளையிலே, அவ்வீரர்கள் வேலையை நிறுத்தி, கண்ணாடியைத் தேடி எடுத்து அவரிடங் கொடுத்தனர். பின்னரே திரி கொளுத்தப்பட்டது. அவரும் ஓடித் தப்புமாறு அனுப்பப்பட்டார். வெளியேறுமுன் பிரித்தானியப் படையினருக்குரிய துப்பாக்கியொன்றை வேண்டுமென்றே அங்கே விட்டுச் சென்றனர். வேற்றுநாட்டுப் படையின் வேலையிது என ஜேர்மனியர் கருதினால், ஊராரைப் பழிவாங்காமல் விடுவர் என்பது அவர் எண்ணம். ஏறக்குறைய 500 கிலோகிராம் கனநீர் வழிந்தோடிற்று. ஒரு வேட்டும் தீர்க்கப்படவில்லை. ஓர் உயிரும் போகவில்லை.

வெடிவைப்போனுக்கும் அறமுண்டு என்பதற்கு அந்த மூக்குக்கண்ணாடியே சாலும். இருப்பினும் எல்லா இரவுகளும் அத்தகைய இரவாக அமைவதில்லை.

ஜேர்மனியர் ஆலையைத் திருத்தி மீண்டும் இயக்கினர். 1943 நவம்பர் 16 ஆம் திகதி அமெரிக்க விமானங்கள் நூற்றுக்கு மேற்பட்டன வந்து குண்டு பொழிந்தன. பெரும்பாலான குண்டுகள் ஆலையிலே விழவில்லை. நோர்வே நாட்டுப் பொதுமக்கள் இருபதுக்கு மேற்பட்டோர் மாண்டனர். கனநீரை ஜேர்மனிக்கே கொண்டுபோய்விடுவதென ஜேர்மனியர் அதன்பின் முடிவு செய்தனர். பீப்பாய்கள் புகையிரதத்தில் ஏற்றப்பட்டு, தின்ஷோ என்னும் ஏரியைக் கடத்தல் வேண்டும். புகையிரதப் பெட்டிகளையும் பயணிகளையும் ஒருங்கே ஏற்றிச் செல்லும் ‘ஹைட்ரோ’ என்னும் நீராவிக் கப்பலே அதற்கு வழி. ஏரியோ 400 மீற்றருக்கு மேற்பட்ட ஆழமுடையது. ஆலையைக் காவலர் சூழ்ந்திருந்தனர். புகையிரதத்தையும் காவலர் சூழ்ந்திருந்தனர். கப்பலை மாத்திரம் அவர்கள் காவல் செய்யவில்லை.

அப்பகுதியிலே தலைமறைவாக இருந்த படையதிகாரி கனுட் ஹௌக்கலிட் என்பவர். கப்பலைத் தாழ்த்தினால் கனநீர் அழியும். அதிலே செல்லும் தம் நாட்டவரும் மடிவர். ஊரார்மீது பழிவாங்கலும் நிகழக்கூடும். இவ்வாறு செய்வது தகுமோ என அவர் இலண்டனுக்கு இரகசிய வானொலி மூலம் வினவினார். கனநீர் அழிதல் மிக முக்கியம் என்றும், பெருங்கேடின்றி அது முடியுமென நம்புவதாகவும் அங்கிருந்து விடை வந்தது. இலண்டனிலே இவ்விடயத்தைக் கையாண்டோருள் ஒருவர் பேராசிரியர் லைஃப் துரோன்ஸ்தாட். அவ்வாலையைத் தொடக்கத்திலே அமைக்க உதவியவரும் அவரே.

உயிர்ச்சேதத்தைக் குறைத்தற்கு இயன்றன யாவும் செய்யப்பட்டன. ஆலையிலிருந்த பொறியியலாளரின் உதவியோடு, பயணிகள் குறைவாயிருக்கும் ஞாயிற்றுக்கிழமைக் காலைப் பயணத்திலே பீப்பாய்கள் செல்லுமாறு ஒழுங்கு செய்யப்பட்டது. 1944 பெப்புருவரி 20 ஆம் திகதி அதிகாலை ஹௌக்கலிட்டும் இருவரும் கப்பலிற் புகுந்தனர். கப்பற்பணியாளர் உள்ளே சீட்டாடிக்கொண்டிருந்தனர். காவலாளி ஒருவர் இவர்களைக் கண்டுவிட்டார். ஜேர்மன் இரகசியப் பொலிசாருக்கு ஒளித்து ஓடுகின்றோம் என்று இவர்கள் சொல்ல, அந்நல்லவர் நம்பி, அடித்தளத்துக்குச் செல்ல இடங்கொடுத்தார். எட்டரைக் கிலோகிராம் வெடிமருந்து கப்பலின் முன்புறத்திலே வைக்கப்பட்டது. அலாரம் மணிக்கூடுகள் இரண்டு அதனோடு பொருத்தப்பட்டன. கப்பல் ஏரியின் ஆழமான பகுதியை அடையும் வேளைக்கு அவை முடுக்கப்பட்டன.

திரும்பும்போது ஹௌக்கலிட் அக்காவலாளியின் கையைப் பற்றிக் குலுக்கி நன்றி கூறினார். காவலாளி அதன் காரணம் விளங்காது திகைத்தார். சில மணி நேரத்தில் அவருடைய காலின்கீழே கப்பல் பிளக்கும் என்பது கைகுலுக்கியவருக்குத் தெரியும், கைகொடுத்தவருக்குத் தெரியாது. அன்று முற்பகல் பத்தே முக்கால் மணியளவில் வெடி வெடித்தது. சில நிமிடங்களிலே கப்பல் அமிழ்ந்தது. கரையிலிருந்த கமக்காரர்கள் படகுகளிலே விரைந்து சென்று பலரைக் காப்பாற்றினர். இறந்தோர் நோர்வே நாட்டவர் 14 பேரும் ஜேர்மன் படையினர் 4 பேருமாகப் 18 பேர்.

இனி, இவ்வீரர்கள் சுமந்த சுமை எத்தகையது என்று ஆராய்வாம்.

பாண்டியன் பல்யாகசாலை முதுகுடுமிப் பெருவழுதியை நெட்டிமையார் பாடிய பாட்டொன்று புறநானூற்றிலே உளது. ஆக்களும், ஆவின் இயல்புடைய அந்தணரும், பெண்டிரும், பிணியுடையாரும், புதல்வரைப் பெறாதாரும் அரண் தேடிக்கொள்ளுமாறு முன்னரே அறிவித்துவிட்டு, அதன் பின்னரே அம்பு விடுக்கும் அறநெறியாளன் அவன் எனப் புலவர் புகழ்கின்றார். அறப்போரின் இலக்கணம் முன்னறிவித்தல். இதனை நாம் மாணாக்கருக்குப் பெருமையோடு கற்பிக்கின்றோம். வெடிவைப்போனின் தொழிலோ முன்னறிவித்தலோடு முற்றும் முரணியது. ஒருவரிடம் ஒரு சொல்லைச் சொன்னால் அது நால்வரிடம் செல்லும். நால்வரிடம் சென்றது பகைவனிடம் செல்லும். ஆகவே அவன் வாய்மூடியிருத்தல் வேண்டும். களத்து வீரனின் சுமை அவன் கையிலேந்திய வாள். இவனுடைய சுமை சொல்லாது விட்ட சொல். வேமோர்க்கிலே அம்முதியவரை ஓடித் தப்புமாறு சொல்ல முடிந்தது. கப்பலிலே அக்காவலாளியிடம் அதனைச் சொல்ல முடியவில்லை. இரண்டும் ஒரே நாட்டின் ஒரே நோக்கமுடைய வீரர் செய்தவையே. அறம் மாறவில்லை, அதனைக் கடைப்பிடித்தற்கான இடம் சுருங்கிவிட்டது.

இதனினும் நுட்பமான துன்பம் ஒன்றுண்டு. சதியிலே பங்குகொண்ட ஒருவருடைய தாயார் அந்நாளிலே அதே கப்பலிற் செல்ல இருந்தார். காரணஞ் சொல்லித் தடுத்தல் இயலாமையால், மைந்தர் அவர் உணவிலே பேதிமருந்தைக் கலந்துகொடுத்துப் பயணத்தைத் தடுத்தார். இன்னொருவர் தம்மேல் ஐயம் விழாதிருக்கும்பொருட்டு, அன்று குடல்வால் சத்திரசிகிச்சைக்கென வைத்தியசாலையிலே படுத்திருந்தார். தாயைக் காத்தவரைக் குறைகூற நமக்கு நா எழாது. ஆனால், கப்பலேறிய ஏனையோருக்கும் தாயர் இருந்தனர். அவர்களும் சிலருக்குத் தாயராய் இருந்தனர். இதனை அம்மைந்தரினும் நன்றாக அறிந்தவர் வேறு யார்? ஓருயிரைக் காத்த அச்செயலே, காவாது விட்ட உயிர்களை அவருக்கு ஓயாது நினைவூட்டியிருக்கும் அன்றோ!

இச்சுமையை இறக்கிவைப்பதற்கு மூன்று வழிகளை உலகத்தார் சொல்லுவர். மூன்றும் போதா என்பதே எம் கருத்து.

முதலாவது, கட்டளை. மேலோர் ஆணையிட்டனர், வீரன் நிறைவேற்றினான், பாவமும் புண்ணியமும் ஆணையிட்டோரைச் சாரும் என்பது. ஆனால் ஹௌக்கலிட் ஆணை வந்ததும் கண்ணை மூடிக்கொண்டு செய்யவில்லை. தகுமோ என்று வினவினார். வினவிய கணத்திலேயே அச்செயல் அவருடையதும் ஆயிற்று. விடையளித்தோரின் பொறுப்பு அதனாற் குறைந்துவிடவுமில்லை. கட்டளை பொறுப்பைப் பகிரும், போக்காது. றொன்னபேர்க்கின் நிலையையும் நோக்குக. கனநீர் எதற்காக அழிக்கப்பட்டது என்பதன் முழுப்பொருளும் 1945 ஓகஸ்டிலே ஹிரோஷிமாவின்மேல் குண்டு விழுந்த பின்னரே தமக்கு விளங்கிற்று என அவர் பிற்காலத்திலே கூறியிருக்கிறார். 2018 ஆம் ஆண்டு தம் 99 ஆவது வயதிலே மறையும்வரை அவர் இளைஞருக்குப் போரின் இயல்பை எடுத்துரைத்து வந்தார். காரணம் அறியாது செய்த செயலைக்கூட அவர் தம் செயலாகவே ஏற்றுக்கொண்டார்.

இரண்டாவது, கணக்கு. அணுகுண்டினால் இலட்சக்கணக்கானோர் மாளக்கூடும். அதனைத் தடுக்கப் பதினெண்மர் மாண்டது சிறிதே என்பது. இக்கணக்கைப் போடாமல் எந்தத் தளபதியும் போர் நடத்த இயலாது. யாமும் அதனை மறுக்கவில்லை. ஆயினும் பெரிய எண்ணுக்கு முன்னே சிறிய எண் மறைந்துவிடுவதில்லை. எந்த வினாவுக்கு விடையாகக் கப்பலைத் தாழ்த்துதல் சரியோ, அவ்வினா அந்தப் பதினெண்மரிடம் கேட்கப்படவில்லை. அவருள் நோர்வே நாட்டவர் எவரும் அணுகுண்டைப் பற்றி அறிந்தவருமல்லர். அன்று காலை ஏரியைக் கடக்கவேண்டியிருந்தது, அவ்வளவே. கணக்கு, செயலைச் செய்யலாம் என்று சொல்லும். செய்தவன் வருந்தவேண்டியதில்லை என்று சொல்லாது.

மூன்றாவது, பிற்காலத்து அறிவு. இஃது இருபுறமும் வெட்டும் வாள். போர் முடிந்தபின் உண்மைகள் வெளிவந்தன. அமெரிக்கரின் பெருமுயற்சிக்கு ஈடான முயற்சியை ஜேர்மனி என்றுமே மேற்கொள்ளவில்லை. 1945 வரையிலே ஜேர்மன் அணுவுலை எதுவும் தானே தொடர்ந்து இயங்கும் நிலையை எய்தவுமில்லை. 2004 ஆம் ஆண்டிலே ஏரியினடியிலிருந்து பீப்பாயொன்று மேலே கொணரப்பட்டு ஆராயப்பட்டது. உள்ளே இருந்தது கனநீரே. கப்பலிலே சென்ற கனநீர் முழுவதும் சேர்ந்தும் அணுவுலை ஒன்றுக்குப் போதியதன்று என்பதும் இன்று தெளிவு. இதனைக் கொண்டு, பதினெண்மரின் உயிர் வீணே போயிற்றென வீரரை நிந்திப்பாரும் உளர். 1944 இலே பனிமலையிலே ஒளித்திருந்த ஒருவனுக்கு 2004 இன் அறிவு எங்ஙனம் கிட்டும்? அஞ்சத்தக்க காரணம் அன்று மெய்யாகவே இருந்தது. அறிந்த அளவிலே ஆராய்ந்து, இயன்ற அளவிலே இரங்கி, அவர்கள் செய்தனர். அதற்குமேல் மனிதனிடம் கேட்டல் நீதியன்று. ஆனால், பிற்காலம் அவர்களுடைய செயலை முற்றும் மெய்ப்பித்து அவர்களுக்கு ஆறுதலும் அளிக்கவில்லை. சரியோ தவறோ என்பது முழுதும் தெளியாமலே அவர்கள் வாழவேண்டியிருந்தது. சுமைகளுட் பெருஞ்சுமை இதுவே என்க.

இச்சுமையைச் சுமப்பதற்கு வீரர் துணிந்தனர். பார்ப்பதற்கு உலகந் துணியவில்லை. 1965 ஆம் ஆண்டிலே ‘ஹீரோஸ் ஒவ் ரெலிமார்க்’ என்னும் ஆங்கிலத் திரைப்படம் இவ்வரலாற்றைத் தழுவி வெளிவந்தது. அதிலே கேர்க் டக்ளஸ் நடித்த கதாநாயகன் கடைசி வேளையிலே தானே கப்பலேறி, குழந்தைகளை ஒன்றுசேர்த்துக் காப்பாற்றுகிறான். காண்போர் மனம் ஆறி வீடு திரும்பலாம். உண்மையிலே ஹௌக்கலிட் கப்பலில் இருக்கவில்லை; ஸ்வீடன் நாட்டை நோக்கிச் சென்றுகொண்டிருந்தார். அவர் செய்யவேண்டியிருந்ததும் அதுவே. மெய்யான வீரத்திலே உள்ள கசப்பை நீக்கி இனிப்பை மாத்திரம் ஊட்டும் இத்தகைய கதைகள் இளைஞருக்குத் தீங்கே பயக்கும். வீரன் ஒருவன் எல்லாரையும் காப்பாற்றிவிடுவான் என்று நம்பி வளர்பவன், போர் என்ற சொல்லை எளிதாக உச்சரிப்பான்.

பாரதப் போர் முடிந்தபின் தருமபுத்திரர் அரியணை ஏற மனமின்றிக் கலங்கியதை நாம் அறிவோம். அவர் பக்கம் அறம் இருந்தது, வெற்றியும் இருந்தது. ஆயினும் அவர் அழுதார். அதனைக் கோழைமை என்று வியாசர் காட்டவில்லை. ஆளுந் தகுதி அவருக்கு உண்டென்பதன் சான்றாகவே அதனைக் காட்டினார் எனக் கொள்ளுதல் தகும். வென்றபின் அழத் தெரிந்தவனிடத்திலேயே அதிகாரத்தை நம்பி ஒப்படைக்கலாம். இறந்தோரை எண்ணாமலே வெற்றியைக் கொண்டாடுபவன், அடுத்த முறை அத்துணை ஆராயமாட்டான், ஞாயிற்றுக்கிழமையைத் தேடமாட்டான், மூக்குக்கண்ணாடியையும் தேடமாட்டான்.

ஆதலின், மனச்சான்று உறுத்தும் வீரனை நோக்கி, நீ செய்தது சரியே, மறந்துவிடு என்று சொல்லுதல் அவனுக்குச் செய்யும் உதவியன்று. நீ செய்தது எங்களுக்காக. அதனால் இழப்பிலும் எங்களுக்குப் பங்குண்டு என்று சொல்லுதலே உதவி. ஆணையிட்டோரும், பயன்பெற்றோரும், பின்வந்தோரும் அப்பாரத்திலே கை கொடுத்தல் வேண்டும். துரோன்ஸ்தாட் இலண்டனிலேயே பாதுகாப்பாக இருந்திருக்கலாம், இருக்கவில்லை. 1944 இலே தாமே நோர்வேயிற் குதித்து, 1945 மார்ச்சிலே அங்கேயே உயிர்துறந்தார். ஆணையிடுவோன் எத்தகையவனாய் இருத்தல் வேண்டும் என்பதற்கு அவர் எடுத்துக்காட்டு.

இம்மலரைப் படிக்கும் மாணவருட் சிலர் நாளை ஆணையிடும் நிலையை அடைவர். பொறியியலாளராகவோ, வைத்தியராகவோ, நிர்வாகியாகவோ ஒரு தாளிலே ஒப்பமிடுவர். அவ்வொப்பத்தின் விளைவைத் தொலைவிலே முகந்தெரியாத ஒருவர் அனுபவிப்பார். போர்க்களம் அவர்களுக்கு நேராதிருக்க இறைவன் அருள்புரிவானாக. ஆயினும், ஒப்பமிடுமுன் ஹௌக்கலிட்டைப் போலத் தகுமோ என்று ஒருமுறை வினவுவதற்கும், ஒப்பமிட்டபின் விளைவை என்னுடையதன்று என்று தள்ளாதிருப்பதற்கும் அவர்கள் இங்கேயே பழகிக்கொள்ளுதல் வேண்டும். அப்பழக்கத்தை அளிக்காத கல்வி, எத்துணைச் சித்திகளைப் பெற்றுத்தரினும் குறையுடையதே.